சிப்பாய்க்குக் கண் திறந்தவர்

சிப்பாய்க்குக் கண் திறக்கும் நாளில் காபி குடிக்கக் கூடாது, டாக்டர். கை லேசாக நடுங்கும். நமக்கே தெரியாத நடுக்கம்தான், ஆனால் பிரஷ் நுனிக்குத் தெரிந்துவிடும். அதனால் என் மனைவி லட்சுமி அந்த நாட்களில் காலையில் மோர் மட்டும் குடிப்பாள். இன்று காலை நானும் காபி குடிக்கவில்லை. தலை கொஞ்சம் வலிக்கிறது. மெதுவாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். எப்போதிலிருந்து பார்வை இப்படி இருக்கிறது? "பொங்கலுக்கு அப்புறந்தானுங்க டாக்டர், கொஞ்சம் மசமசன்னு இருக்குது" என்று லட்சுமி சொன்னாள். நீங்கள் ஸ்கேனைப் பார்த்தீர்கள், அவளைப் பார்த்தீர்கள், அவள் கொடுத்த சிப்பாய்ப் பொம்மையைப் பார்த்தீர்கள். பிறகு, சொட்டு மருந்து போட்ட கண் கூசும் என்று அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அதே கேள்வியை என்னிடம் கேட்டீர்கள். வலது கண் போனது போனதுதான், இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் உண்மை தெரிய வேண்டும் என்றும் சொன்னீர்கள். நியாயம்தான். சொல்கிறேன்.

என் பெயர் சுந்தரராஜுலு. இங்கே கணபதிப் பகுதியில் பவுண்டரி வைத்திருந்தேன். பம்ப்புக்கு வேண்டிய வார்ப்படங்கள் செய்துகொடுப்போம். இப்போது என் தம்பி மகன் ரவிதேஜா பார்த்துக்கொள்கிறான். ஒருமுறை ஜெர்மனிக்கு இயந்திரக் கண்காட்சி பார்க்கப் போனபோது ஒரு கடை ஜன்னலில் நெப்போலியன் காலத்துச் சிப்பாய்ப் பொம்மைகளைப் பார்த்தேன். அரைவிரல் உயரம், உலோகத்தில் வார்த்தவை. வர்ணம் பூசாததை வாங்கி நாமே பூச வேண்டும். நெப்போலியனுக்கும் கணபதிக்கும் என்ன சம்பந்தம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பம்ப்பு பாடி ஊற்றியவனுக்கு, மார்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை போட்ட நீலக் கோட்டுக்காரன் அழகாகத் தெரிந்தான். பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கோட்டு, பொத்தான், குதிரை, பீரங்கி எல்லாம் எனக்கு வரும். முகம் வராது. நான் எழுதிய கண்கள் எல்லாம் பேயைப் பார்த்தது போல் மிரண்டு நிற்கும். ஒருநாள் நான் சலித்துப்போய்த் தூக்கிப் போட்ட ஒருவனை லட்சுமி எடுத்தாள். கருவிழியை நடுவில் வைக்காமல் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க ஆரம்பித்தான். "கண்ணைத் தொறந்துபோட்டேனுங்க, இனி அவன் பாடு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து உடம்பு என்னுடையது, முகம் அவளுடையது. முகத்துக்கு மட்டும் எண்ணெய் வர்ணம்தான் வைப்பாள். அது காய நாலைந்து நாள் ஆகும், அதுவரை தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்துத் திருத்திக்கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வருகிற எல்லோரும் முகத்தைத்தான் பார்த்தார்கள். உக்கடத்திலிருந்து சாஜித் என்று ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிறவன், நல்ல பையன். லென்ஸை எடுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "அக்கா, இவன் ஊட்டுக்குக் கடுதாசி போடணும்னு நெனச்சுட்டு நிக்கறானுங்க அக்கா" என்பான். பிறகு என் பக்கம் திரும்பி, "கோட்டும் நல்லா இருக்குதுங்க அண்ணா" என்பான். அந்த 'உம்'மைக் கேட்டுக்கேட்டு எனக்குப் பழகிவிட்டது. மனைவியின் மீது பொறாமைப்படுகிறவன் இல்லை நான். அதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

சென்ற வருடம் பெரிய வேலை ஒன்றை ஆரம்பித்தோம். ரஷ்யாவிலிருந்து தோற்றுத் திரும்பும் நெப்போலியனின் படை, பெரசினா என்கிற ஆற்றைப் பனியில் கடக்கிற காட்சி. மரப்பாலம், உறைந்த தண்ணீர், பாலம் முழுக்க ஆட்கள். சித்திரையில் பெங்களூருவில் கண்காட்சி. ஆட்கள் தோற்றுப்போனவர்கள் என்பதால் கோட்டெல்லாம் கிழிசல், வர்ணத்துக்கு அதிக வேலையில்லை. எல்லாம் முகம்தான்.

உங்கள் கேள்விக்கான பதில் இதோ. ஆயுத பூஜை சமயத்திலிருந்து.

பூஜை முடிந்த அந்த வாரத்தில் ஒருநாள் அதிகாலையில், அவள் எதிர்வீட்டு இருதயம்மாளோடு நடக்கப் போயிருந்தபோது, முந்தின நாள் அவள் முடித்தவர்களை எடுத்துப் பார்த்தேன். ஒருவனுடைய கருவிழி கண்ணை விட்டுக் கன்னத்தில் இறங்கியிருந்தது. அடுத்தவனுக்கும் அப்படியே. லட்சுமி அப்படிச் செய்கிறவள் அல்ல. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், தீபாவளிக்கு முன்பு காட்ட வேண்டும். இவை மூன்றும் எனக்குத் தெரியும். பொம்மையைக் கையில் பிடித்திருந்தபோதே தெரியும்.

வர்ணம் ஈரமாகத்தான் இருந்தது. துடைத்துவிட்டு நானே எழுதினேன். அவள் மனம் நோகக் கூடாது என்பதுதான் என் எண்ணம். ஆச்சரியமாக, கண் சரியாக வந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் கை கற்றுக்கொண்டிருக்கிறது. அவள் திரும்பி வந்து, லென்ஸ் வழியாகப் பார்த்து, "நேத்து சரியா வரலையோன்னு நெனச்சேனுங்க. காலையில பாத்தா சரியாத்தான் இருக்குது" என்றாள். முகத்தில் நிம்மதி. அந்த நிம்மதியை நான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. சாயந்தரம் அவள் எழுதுவாள். காலையில் அவள் நடக்கப் போனதும் நான் திருத்துவேன். வெளிச்சம் பத்தவில்லை என்றாள், பெரிய விளக்கு வாங்கிப் போட்டேன். லென்ஸ் மங்கல் என்றாள், புது லென்ஸ் வரவழைத்தேன். எதிலும் நான் குறை வைக்கவில்லை. தீபாவளிக்கு முன்பு உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெங்களூரு வேலை முடியட்டும் என்று நினைத்து, ஊரில் இல்லை என்று சொன்னேன். சொட்டு மருந்து போட்டால் ஒருநாள் முழுக்க எழுத முடியாது, ஊசி போட ஆரம்பித்தால் மாதக்கணக்கில் இழுக்கும். பாலத்தில் பாதிப் பேர் இன்னும் கண் திறக்காமல் நின்றார்கள்.

எங்கள் மகள் பூஜிதா அமெரிக்காவில் இருக்கிறாள். "அப்பா, அம்மாவக் கண் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள். "ஆச்சு கண்ணு, ஒண்ணும் பயமில்லைன்னுட்டாங்க" என்றேன். எனக்குக் குற்றவுணர்ச்சி இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், டாக்டர். சோறு இறங்காத நாட்கள் உண்டு.

மார்கழியில் ஒருநாள் அவள் வேலை செய்யும் அறையின் ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். "ஏனுங்க, இந்தக் கம்பி வளைஞ்சா இருக்குது?" என்று கேட்டாள். நெட்டுக் கம்பிகள், என் பட்டறையிலேயே செய்து மாட்டியவை. தூக்கு நூல் பிடித்தது போல் நேராக நிற்கும். நேர்கோடு வளைந்து தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று உங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். "ஆமா, கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்குது. பழைய ஊடு, செவுரு எறங்கியிருக்கும்" என்றேன்.

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. மறுநாள் காலையில் அவள் வெளியே போனதும், ஒரு பெரிய போல்ட்டையும் நட்டையும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே முட்டுக் கொடுத்து, ஸ்பேனரால் திருகினேன். இரும்பு மெதுவாகத்தான் விலகும். உள்ளங்கை அகலத்துக்கு வில் போல் வளைந்ததும் நிறுத்திக்கொண்டேன். அவள் வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கம்பியின் மேல் வைத்தேன். விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினாள். பிறகு சிரித்தாள். "நல்ல வேளைங்க. என் கண்ணுதான் போச்சோன்னு பயந்துபோட்டேன்" என்றாள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்று சொல்லியிருக்கலாம். அன்றாவது சொல்லியிருந்தால் வலது கண்ணும் தப்பித்திருக்குமா என்று உங்களிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாஜித் வந்திருந்தான். பாலத்தின் ஓரத்தில், செத்த குதிரையின் பக்கத்தில் நிற்கும் ஒரு கிழட்டுச் சிப்பாயை லென்ஸில் பார்த்துக்கொண்டு நிமிரவே இல்லை. "அக்கா, இத்தன வருசத்துல இப்படி ஒரு மொகம் நீங்க போட்டதில்லீங்க" என்றான். அந்த முகம் முழுக்க என்னுடையது. லட்சுமி வைத்ததில் துடைக்காமல் மிஞ்சியது எதுவும் இல்லை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, "அது தானா வந்துச்சு தம்பி" என்றாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். என் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவளிடம் கண் போகிறது என்று சொன்னால், முகங்களை யார் எழுதியது என்பதையும் சொல்ல வேண்டிவரும். அது அவளுக்கு இரண்டு அடி. பாலம் முடியட்டும், பெங்களூரு போய்வரட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இதில் எனக்கு என்ன ஆதாயம் சொல்லுங்கள். கண்காட்சிப் பலகையில் இருவர் பெயரும்தான் இருக்கும்.

முந்தாநாள் கண் விஷயம் வெளியே வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துத் தலை குளித்தவளுக்குச் சீயக்காய் இடது கண்ணில் பட்டுவிட்டது. அந்தக் கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தாள். நான் எதிரில் நின்றேன். என்னைப் பார்த்து, பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். "ஏனுங்க, உங்க சட்டை தெரியுது, காது தெரியுது. மூஞ்சியக் காணோமுங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. தொலைந்த சாமானைக் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் என் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மாலையில் அவள் மறுபடி மேஜை முன் உட்கார்ந்தாள். நான் வேண்டாம் என்றேன். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டர்கிட்டக் காட்டோணுமில்லீங்க" என்று சொல்லி ஒரு சிப்பாய்க்குக் கண் திறந்தாள். அதைத்தான் இன்று டப்பாவில் வைத்து எடுத்துவந்து உங்கள் கையில் கொடுத்தாள். "முந்தாநாள் போட்டதுங்க டாக்டர். கண்ணு மோசமா இருந்தா இப்படிப் போட முடியுங்களா?" என்று கேட்டாள். நீங்கள் அதை உங்கள் கருவியின் வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பார்த்தீர்கள். "இதைப் போட்டவங்களுக்குக் கண் ரொம்ப நல்லா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. உங்கள் பார்வை என் மேல்தான் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம்தான், டாக்டர், வேறொன்றுமில்லை.

இனி நீங்கள் சொல்வதுதான். ஊசியோ, லேசரோ, எத்தனை முறை வர வேண்டுமோ அத்தனை முறை அழைத்துவருகிறேன். பூஜிதாவிடம் நானே பேசுகிறேன். ஜன்னல் கம்பியை நிமிர்த்திவிடுகிறேன். இடது கண்ணைக் காப்பாற்றிக் கொடுங்கள், அது போதும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எல்லாமே எனக்குப் பொருந்தும். அவளிடம் மட்டும் சிப்பாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கண்ணும் போய், அவள் எழுதிய முகங்களும் போனால் அவளுக்கு என்ன மிஞ்சும்? அவளுக்காகத்தான் கேட்கிறேன். ஆரம்பத்திலிருந்து எல்லாமே அவளுக்காகத்தான்.

வெளியே, துணைக்கு வந்த இருதயம்மாள் ஏதோ சொல்கிறாள், லட்சுமி சிரிக்கிறாள். நான் போக வேண்டும். அந்தச் சிப்பாயைக் கொடுங்கள், பாலத்தில் அவனுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அப்படி இல்லை டாக்டர், அவனை ஒட்டிவைத்திருக்கிற பாட்டில் மூடியைக் கீழே பிடித்துக் கொடுங்கள். முகத்தில் விரல் பட வேண்டாம். காலையில்தான் எழுதினேன், இன்னும் காயவில்லை.