ஐந்து அலுமினிய மூடிகளும் ஒரு மவுத்தும்

தலைமையைத் தாங்கி, என்னை நிறுத்துவதற்கான மணியையும் கையில் தாங்கி வீற்றிருக்கும் கல்மண்டபம் கார் ஓட்டுநர் சங்கத் தலைவி மோகனப்ரியா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடித்த மேடைப் பெரியோர்களே! எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இடுக்கில் புகுந்து, புழுதியைக் குடித்து, உப்புக் காற்றை உண்டு, பயணிகளை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கும் ஓட்டுநர் தோழர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் தாய்மார்களே! அவர்களுக்கு நடுவே ஜபமாலையும் கையுமாக அமர்ந்திருக்கும் பதுருன்னிசா அம்மா அவர்களே! மூன்றாவது வரிசையில் என் முகத்தைப் பார்க்க மறுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய மகன், ஸ்பேர் பார்ட்ஸ் கடை பஷீர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தாமோதரனின் வணக்கம்!

யார் அங்கே "மவுத்து மாமு" என்று கத்துவது? நம் தம்பி வெற்றியா? கத்து நைனா, நன்றாகக் கத்து. பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கடையில்கூடச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நீயாவது ஏதோ ஒரு பெயரில் கூப்பிடுகிறாயே!

இந்த ஆண்டு விழாவில் உறுப்பினர்களின் கார்களுக்கெல்லாம் டயரில் காற்றடிக்கும் முனைக்கான மூடி பரிசளிக்கப் போகிறது சங்கம். மின்னும் அலுமினிய மூடியா, கறுப்புப் பிளாஸ்டிக் மூடியா என்று கேள்வி எழுந்தது. "மாமு, நீதான் அனுபவஸ்தன், நீ பேசு" என்றார் தலைவி. சொல்லும்போதே சிரித்தார். இப்போதும் சிரிக்கிறார். சிரியுங்கள் தாயே!

டயருக்குக் காற்றடிக்கும் அந்தச் சின்ன முனைக்கு நம் பஞ்சர் கடைகளில் என்ன பெயர்? மவுத்து! வாய் என்பதன் இங்கிலீஷ். ஆனால் நம் முஸ்லிம் நண்பர்களின் வீட்டில் மவுத்து என்றால் என்ன? மரணம்! ஒரே சொல்தான், தோழர்களே. பஞ்சர் கடையில் சொன்னால் காற்று போனது. பஷீர் வீட்டில் சொன்னால் மூச்சு போனது. இரண்டு அர்த்தமும் தெரிந்த ஊரில், இரண்டும் தெரிந்த நானே அதை மறந்தேன் என்றால், என் அறிவை அளக்க எந்த மீட்டர் போதும்?

என் அறிவைப் பற்றியும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டது. மிச்சப் படிப்பைப் பொட்டலக் காகிதங்களில் முடித்தேன். பொட்டலத்தில் பாதிச் செய்திதான் இருக்கும். மீதியை நானே முடித்துக்கொள்வேன். அதனால்தான் எனக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை!

பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்று தொலைந்துபோனது. பஷீர் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே அலுமினிய மூடிகள் மாப்பிள்ளை போல மின்னின. "அத்த எடுபா" என்றேன்.

"அத்த வோணாம் மாமு. கடலோரம் கீறோம். உப்பு பட்டா மவுத்தோட கெட்டியா புட்ச்சிக்கும், கயட்ட வராது. இந்தா, கறுப்பு பிளாஸ்டிக்கு, உள்ள ரப்பர் வாஷர் கீது. இதான் ஒயுங்கு."

"எனுக்கே உப்பு பத்தி சொல்றியா? எங்கப்பன் கட்டுமரம் ஓட்னவரு. கடல் எனுக்கு மாமியார் வூடு!"

"மாமியார் வூட்லதான் மாமு மொதல்ல ஒதை வியும்" என்றான்.

கேட்டேனா? நான்கு டயருக்கும் பூட்டினேன். ஸ்டெப்னிக்கும் பூட்டினேன். டிக்கிக்குள்ளே இருட்டில் கிடக்கும் ஸ்டெப்னிக்கு அலங்காரம் எதற்கு என்று கேட்காதீர்கள். திரைக்குப் பின்னால் இருக்கிற நடிகனும் பவுடர் போட்டுக்கொள்கிறான் அல்லவா?

வந்தது பஷீரின் மகள் ஃபராவின் நிக்காஹ். எண்ணூரில் தன் தங்கை வீட்டில் இருந்த பதுருன்னிசா அம்மாவை ராயபுரத்துக்கு அழைத்துவரும் பொறுப்பு எனக்கு. பேத்தியை வளர்த்தவர் அவர். அவர் வராமல் நிக்காஹ் நடக்காது. "என் வண்டியில் வருவது உன் அம்மா அல்ல, என் அம்மா" என்று பஷீரிடம் வசனம் பேசிவிட்டுக் கிளம்பினேன்.

எர்ணாவூர் அருகே பின்சக்கரம் தொய்ந்தது. ஓரத்தில் சைமனின் பஞ்சர் கடை. அவர் மூடியைத் திருகினார், வரவில்லை. நான் திருகினேன், வரவில்லை. என்ன கேட்கிறீர்கள், ஸ்டெப்னியா? ஸ்டெப்னியிலும் காற்றில்லை ஐயா! அதற்குக் காற்றடிக்கலாமென்றால், அதன் மூடியும் வரவில்லை! உப்பு தன் வேலையைச் செய்திருந்தது.

"வுடு நைனா, நான் மெதுவா பாக்கறேன்" என்றார் சைமன். விட்டேனா? கட்டிங் பிளேயரைப் பிடுங்கினேன். பல்லைக் கடித்தேன். முறுக்கினேன். மூடி மட்டுமா வந்தது? மவுத்தே பிய்ந்து கையோடு வந்தது. புஸ்ஸ்ஸ்!

பதறிப்போய் பஷீருக்குப் போன் போட்டேன். பின்னால் லாரி ஹாரன் சத்தம், என் போனிலோ சாகக் கிடக்கும் சார்ஜ்.

"பஷீரு! மவுத்து பூட்ச்சுபா!"

"யா அல்லா! இன்னா சொல்ற மாமு? அம்மாவா?"

"அம்மா பின்னாடி சீட்லதான் கீறாங்க. கண்ண மூடிகினு கம்முனு கீறாங்க. எர்ணாவூராண்ட நிக்கிறேன், சீக்கிரம் ஒரு வண்டி அனுப்புபா!"

அதோடு போன் அணைந்தது. அம்மா கண்ணை மூடி ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார், தோழர்களே! நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யா? சொல்லுங்கள்!

அங்கே நிக்காஹ் வீடு துக்க வீடானது. அடுப்பில் இருந்த பிரியாணி தேக்சாவை மறந்துவிட்டு அழுதார்கள். மணப்பெண் மயங்கி விழுந்தாள். இங்கே எனக்கு வண்டி வந்தது. எந்த வண்டி? மையித்தை, அதாவது பிணத்தை, வைத்துத் தூக்கும் சந்தூக்குப் பெட்டியோடு ஒரு வேன்! பஷீரின் மகன் ஃபர்ஹான் அழுதுகொண்டே கார்க் கதவைத் திறந்தான். அம்மா கண் விழித்தார். பேரனைப் பார்த்தார். சந்தூக்கைப் பார்த்தார்.

"யாருடா மவுத்து?" என்றார்.

அவன் என் பக்கம் கை காட்டினான். நான்தான் உடைந்த மவுத்தை உயர்த்திக் காட்டினேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட பேமானி! செரி, வண்டி வந்துகீதுல்ல, ஏறு. பேத்தி நிக்காஹ்க்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு, அந்த வேனிலேயே, முன் சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தார்!

மையித்து வரும் என்று வாசலில் காத்திருந்த கூட்டத்தின் முன், முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இறங்கினார் அம்மா. பாதிப் பேர் அலறினார்கள், மீதிப் பேர் ஓடினார்கள். பிறகு நிக்காஹ் நடந்தது. அடிப்பிடித்த பிரியாணியை ஆனந்தக் கண்ணீரோடு தின்றார்கள். ஆனால் பஷீர் என்னிடம் வந்து, "இனிமே எங்கூட பேசாத மாமு" என்றான். அன்றிலிருந்து பேசவில்லை. அவன் கடையைத் தாண்டும்போது அவன் ரேக்கைப் பார்ப்பான், நான் ரோட்டைப் பார்ப்பேன்.

எனக்கும் கோபம் உண்டு! நான் சொன்னது டயரை. அவன் கேட்டது தாயை. குற்றம் யாருடையது? சொன்னவனுடையதா? கேட்டவனுடையதா? இரண்டு அர்த்தத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் அந்தச் சொல்லினுடையதா? மன்னிப்பா? கேட்கமாட்டேன்! மேடை போட்டுக் கேட்டாலும் கேட்கமாட்டேன்!

மணி அடிக்காதீர்கள் தலைவி அவர்களே, தீர்ப்புக்கு வருகிறேன்.

மூடி எதற்கு? மின்னவா? மூடவா? புழுதி போகாமல் காப்பது மூடி. காற்றடிக்கிற நேரத்தில் கழன்று வழிவிடுவது மூடி. கழற்ற வராத மூடி மூடியல்ல, சாவி தொலைந்த பூட்டு! கழற்ற வராத கிரீடம் கிரீடமல்ல, தலையில் முளைத்த கட்டி! உப்புக் காற்று வீசும் நம் ஊருக்கு, மின்னாத, இறுகாத, விரலால் திருகினால் வந்துவிடுகிற அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியே போதும்! அதுவே பொருத்தம்! அதுவே பெருமை!

இதைச் சொல்லும் நான் யார்? பேசக் கூடாத நேரத்தில் வாயைத் திறந்தவன். பேச வேண்டிய நாளிலெல்லாம் உப்பேறிய அலுமினியமாக இறுகிக் கிடந்தவன். ஊருக்கெல்லாம் மூடி தேர்ந்தெடுத்துச் சொல்கிறேன். என் டயர்கள் இன்றும் மொட்டையாக நிற்கின்றன. வேறு கடையில் வாங்க மனம் வரவில்லை. அந்தக் கடைக்குள் நுழையக் கால் வரவில்லை.

ஆகவே சபை அறியக் கேட்கிறேன். மன்னிப்பு அல்ல, மூடி கேட்கிறேன். பஷீரு! டயருக்கு நாலு, ஸ்டெப்னிக்கு ஒண்ணு. கறுப்பு பிளாஸ்டிக்கு. குடுப்பியாபா?

...

பார்த்தீர்களா, எழுந்து நிற்கிறான். என்னபா சொல்ற? மைக் இல்லாமலே கேட்கும், சொல்லு.

"ஆறா தர்றேன் மாமு! ஆறாவது உன் மவுத்துக்கு!"

ஆ! கேட்டீர்களா தோழர்களே! கேட்டீர்களா பதுருன்னிசா அம்மா! நாக்கைக் கடித்துக்கொள்கிறான் பாருங்கள்!

"ஐயோ, வாய சொன்னேன் மாமு! வாய்க்கு! நீ நூறு வருசம் இருப்ப!"

வாயைத்தான் சொன்னாயா? நானும் அன்றைக்கு வாயைத்தானடா சொன்னேன்! வழக்கு முடிந்தது. நீயும் குற்றவாளி, நானும் குற்றவாளி. பேசவிட்ட தலைவிக்கும், சிரித்த தாய்மார்களுக்கும், கத்திய வெற்றிக்கும் நன்றி! ஆறாவது மூடியை இப்போதே மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன். வணக்கம்!