பொன்விழா மலருக்குப் பிழைதிருத்தம்

— பராக்குப் பாக்காதடி கமா. மலர் சாயங்காலம் அச்சுக்குப் போகணும். நம்ம சட்டக் கல்லூரி இதழோட வரலாறு மட்டும்தான் பாக்கி. நான் வாசிக்கிறேன், நீ பழைய இதழோட ஒத்துப் பாத்து ‘சரி’ சொல்லு.

— ஒவ்வொரு வரிக்குமாக்கா?

— பின்ன? இதழோட முதல் ஆசிரியரம்மா போட்ட சட்டம். ‘சரி’ வராம அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

— ஒரே ஒரு கமாவ தப்பாப் போட்டேன், பேரே வச்சுட்டீங்க... வாசிங்க, இதழாசிரியரே!

— “இந்த இதழை மாணவர்களே தொடங்கினர்.”

— சரி.

— “நூலகத்தின் பின்னறையே அலுவலகம்.”

— சரி.

— “முதல் ஆசிரியர் ஒரு மாணவி.”

— சரி.

— பரவாயில்லையே, டக்கு டக்குன்னு... “ஓராண்டில் அவர் தாமாகவே விலகினார்.”

— ...

— என்னடி?

— என்னக்கா?

— சரி சொல்லு.

— நான் எங்க சொல்றது? இன்னும் பக்கத்தையே தேடிட்டு இருக்கேன். நீங்களே வாசிச்சு நீங்களே சரி போட்டுக்கிறீங்கன்னு பேசாம இருந்தேன்.

— விளையாடாத.

— சத்தியமாக்கா! ஏன் அப்படி முழிக்கிறீங்க? கதவுகிட்ட யாராவது...

— கதவை இல்ல. உன் பக்கத்து நாற்காலிய.

— ஐயோ! நான் கிளம்பறேன்.

— உக்காரு. போன இதழ் முழுக்க நான் தனியாத்தானே திருத்தினேன்... அப்பவும் ‘சரி’ வந்துட்டேதான் இருந்தது.

— இதைச் சொல்லாம என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?

— எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு... பயமா இருந்ததுடி.

— நல்லா மாட்டிவிட்டீங்க! முதல்ல அந்த வரிய மாத்துங்க. சீக்கிரம்!

— “முதல் ஆசிரியர்... விலக்கப்பட்டார்.”

— சரி.

— அக்கா, நான் இல்ல! என் கையப் பிடிச்சுக்கங்க.

— “அவர் எழுதிய கட்டுரையைத் துணை ஆசிரியர் தம் பெயரில் வெளியிட்டார். கேட்டதற்கு அவரையே திருடி என்றார்.”

— சரி.

— “அந்த வாரத்துக்குப் பிறகு அவரை யாரும் உயிரோடு பார்க்கவில்லை.”

— சரி.

— இதெல்லாம் எந்த இதழ்லயும் இல்லையே! உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— அந்தத் துணை ஆசிரியரே அழுதுக்கிட்டு சொல்லிக் கேட்டேன். ‘தாமாகவே விலகினார்’னு எழுதச் சொன்னதும் அவருதான்.

— யாரு அது?

— மலரை வெளியிட வரப்போறாரே ஓய்வுபெற்ற நீதிபதி... அவரு. பேரைச் சேர்த்துக்கோ.

— அம்மாடி! அவ்வளவு பெரிய மனுஷன்... நம்மளச் சும்மா விடுவாரா?

— உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாரு. என்னைத்தான் இனிமே வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டாரு. அவருதான்டி என் அப்பா.