அத்தைக்குக் கொடுத்த தாள்கள்

அக்கா, நாடகம் என்றால் மேக்கப்பும் விளக்கும் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எங்கள் குழுவில் எல்லாவற்றையும்விட அதிகமாகச் செலவானது காகிதம்தான்.

கையால் தட்டினால் பாதியிலேயே அழித்துவிடுவேன். அதனால் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. முதலில் நீ தனியாகப் படி. அப்பாவிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதை நீயே முடிவு செய்.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். இயக்குநர், வசனம் எழுதுவதும் அவரே. விளக்குகளைப் பார்த்துக்கொள்பவன், வேலைக்கு வந்த முதல் நாளே கட்டடம் முழுவதையும் இருட்டாக்கியதால் அவன் பெயர் ஃபியூஸ். லாரிக்காரராக நடிப்பவர் ஒருவர். அத்தை. அப்புறம் நான். அத்தை யாருக்கும் அத்தை இல்லை. குழுவின் முதல் நாடகத்தில் அத்தையாக நடித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷமாக மேடையில் ஒரு சொல் பிசகியதில்லை என்பதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். கண் பார்வை இல்லாத தம்பியோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். சமைப்பது, சட்டை எடுத்து வைப்பது, பேப்பர் படித்துக் காட்டுவது எல்லாம் அத்தைதான்.

நாடகம் இதுதான். பாலத்து முனையில், சுங்கம் வாங்கும் கூண்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தினமும் அந்த வழியாகப் போகும் லாரிக்காரரோடு பேசுகிறாள். அவள் வயது எங்கேயும் வராது. அத்தைதான் அந்தப் பெண். லாரிக்காரரின் மகளாக எனக்கு ஆறு வரி இருந்தது. மூன்றாவது வாரம் இயக்குநர் மகளை எடுத்துவிட்டார். "அந்தப் பொண்ணு இல்லாமலே கதை நிக்குதே" என்றார். அவர் சொன்னது சரிதான், நின்றது.

இங்கே தங்குவதற்கான என் அனுமதியைப் பற்றி உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. நடிகை என்று சொல்லித்தான் இந்த நாட்டில் இருக்கிறேன். வருஷத்தில் ஒரு தடவையாவது மேடையேறியதற்குச் சான்று காட்ட வேண்டும். பெயர் அச்சான அறிவிப்பும், மேடையில் எடுத்த படமும். இல்லையென்றால் அந்த வருஷக் கடைசியில் கிளம்பிவிட வேண்டும். கிளம்பி வந்தால் அப்பா திட்டமாட்டார். "அப்பவே சொன்னேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்வார். அதற்குப் பயந்தேன் என்றால் உனக்குச் சிரிப்பு வரலாம்.

ஆறு வரி போனபின் எனக்குக் கிடைத்தது புத்தக வேலை. இயக்குநர் தினமும் வசனத்தை மாற்றுவார். ஒத்திகை முடிந்ததும் திருத்தங்களை என்னிடம் தருவார். நான் அவரவர் பகுதியை அச்செடுத்து, உறையில் போட்டு, வாசலில் கொடுப்பேன். அவர்கள் வீட்டில் மனப்பாடம் செய்துவிட்டு, மறுநாள் தாளை என்னிடம் திருப்பித் தந்த பிறகுதான் உள்ளே போகலாம். கையில் தாள் இருந்தால் நடிகரின் கண் கீழே போய்விடும் என்பது இயக்குநரின் கட்சி. வந்த தாள்களை நான் கிழித்துப் போடுவேன். கடைசித் திருத்தம்வரை முழு வசனமும் இருப்பது என்னிடமுள்ள தடித்த கோப்பில் மட்டும். அதுதான் புத்தகம். ஒத்திகையில் சந்தேகம் வந்தால் யாரும் வாதாட மாட்டார்கள். "புத்தகத்துல என்ன இருக்கு?" என்பார்கள். நான் படிப்பேன். அதோடு பேச்சு முடிந்தது.

முதல் தடவை நடந்தது உண்மையான தவறு. முந்தின வாரம்தான் லாரிக்காரரின் தாளை அத்தையின் உறையில் போட்டுவிட்டு இயக்குநரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவை தாள் மாறிச்சுன்னா, தாயே, உனக்கு ஒரு பெரிய கும்பிடு" என்று கையைக் குவித்துக் காட்டியிருந்தார்.

அன்று அத்தை கூண்டில் உட்கார்ந்து, "காத்து அடிச்சா இந்தப் பாலம் முனகும்" என்றார். இயக்குநர் கையைத் தூக்கினார்.

"அத்தை, அது பழசு. மாத்தியாச்சு."

"மாத்துனீங்களா? நேத்து சாயங்காலம் இதைத்தானே படிச்சேன்."

"புத்தகத்துல என்ன இருக்கு?"

நான் படித்தேன். "மழை வந்தா இந்தப் பாலம் பேசும்."

படிக்கும்போதே புரிந்துவிட்டது. அத்தையின் தாளை மட்டும் பழைய வசனத்திலிருந்து அச்செடுத்திருக்கிறேன். அவர் திருப்பித் தந்த தாள் என் நாற்காலிக்குக் கீழேதான் கிடந்தது. அதை எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயசாகுதுல்ல" என்று அத்தை தானாகவே சிரித்தார். "மேல்மாடி காலியாகுது."

ஏணிமேலிருந்து ஃபியூஸ், "அத்தைக்கு மெமரி கார்டு ஃபுல்லு. எதையாவது அழிச்சாதான் புதுசு ஏறும்" என்றான்.

"உன் பேரைத்தான்டா முதல்ல அழிக்கப்போறேன்."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் நான் அந்தத் தாளைக் கிழித்தேன்.

டீ குடிக்கும்போது இயக்குநர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உனக்கு அத்தையோட பார்ட்டு மனப்பாடமா?" என்றார். "முழு நாடகமும் மனப்பாடம் சார்" என்றேன். "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சும்மா கேட்டிருக்கலாம். எனக்கு மட்டும் அது சும்மாவாகப் படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் அத்தையின் தாளில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். புத்தகத்தில் "அஞ்சு மணி வண்டி". தாளில் "நாலு மணி வண்டி". அதற்கப்புறம் "புழுதி" என்ற இடத்தில் "தூசி". பிறகு ஒரு நாள் இரண்டு வாக்கியங்களை முன்பின்னாக வைத்தேன். பெரிதாக மாற்றினால் தாள்மேல் சந்தேகம் வரும். சின்னதாக மாற்றினால் ஆள்மேல் வரும். மொத்தம் ஒன்பது தாள்கள். ஒன்பதையும் மறுநாள் என் கையாலேயே வாங்கிக் கிழித்தேன்.

முதலில் அத்தை வாதாடினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அதற்கும் பிறகு, ஒவ்வொரு வரியையும் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நாற்பது வருஷக் கதையைச் சொல்வது நின்றது. ஃபியூஸும் கேலி பண்ணுவதை விட்டுவிட்டான். அவன் நல்லவன்.

அத்தை டாக்டரிடம் போனார். மறுநாள் வரும்போதே முகம் தெளிந்திருந்தது. "நூறுலேர்ந்து ஏழேழா கழிக்கச் சொன்னாங்கடி. கடகடன்னு சொல்லிட்டேன். கடைசியில அந்த டாக்டர்தான் தடுமாறிட்டாரு. ஒண்ணுமே இல்லையாம் எனக்கு" என்று என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நாடகம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. அன்று சாயங்காலம் நான் கொடுத்த தாளில் மூன்று சொற்கள் மாறியிருந்தன.

மறுநாள் மூன்று இடத்திலும் நிறுத்தப்பட்டார். அன்றோடு அத்தை டாக்டரை நம்புவதை விட்டுவிட்டார். புத்தகத்தை நம்பினார்.

"தினம் வீட்டுக்கு வந்து என்னைக் கொஞ்சம் சொல்ல வெச்சுப் பாரேன்" என்று அவர்தான் கேட்டார். மத்தியானங்களில் போனேன். முந்தின நாள் தாளை வாசலிலேயே வாங்கிக்கொள்வேன். அவர் நடந்துகொண்டே சொல்வார். நான் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துவேன். தம்பி ஜன்னலோரம் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அவரை மாமா என்று கூப்பிட்டேன்.

அவரைப் பற்றி நான் யோசிக்காமல் விட்டது என் தவறு. அத்தை ராத்திரி தாளைச் சத்தமாகத்தான் படிப்பார். மாமாவின் காதில் ஒவ்வொரு தாளும் பதிந்திருந்தது.

இரண்டாம் நாள் அவர், "ஏம்மா, 'விளக்கை அணைச்சிடு'ன்னு நேத்து அக்கா பத்துத் தடவை படிச்சா. தாளைப் பார்த்துதான் படிச்சா. நீ 'விளக்கைக் கொறைச்சிடு'ங்கறியே" என்றார்.

"நீங்க கேட்டதுல ஏதாவது குழப்பம் இருக்கும் மாமா."

"எனக்குக் கண்ணுதாம்மா இல்ல. காது ரெண்டும் பத்திரமா இருக்கு."

அத்தைதான் அதட்டினார். "நீ சும்மா இருடா. எனக்காக வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கு புள்ள. அதுகிட்ட வம்பு பண்ணிக்கிட்டு."

திரும்பும் வழியில், பார்வையில்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இறங்கி விசாரித்தேன். சுத்தமான இடம். தோட்டம்கூட இருந்தது.

மறுநாள் டீ போட நான்தான் அடுப்பில் பால் வைத்தேன். வைத்துவிட்டு அத்தையின் இரண்டாம் காட்சியைக் கேட்க வந்து உட்கார்ந்தேன். மறந்துதான் போனேன் என்று நினைக்கிறேன் அக்கா. பலமுறை யோசித்துப் பார்த்தும் அப்படித்தான் தோன்றுகிறது. தீய்ந்த நாற்றம் வந்தது. புகை கூடம்வரை வந்துவிட்டது. மாமா இருமிக்கொண்டே, சுவரைத் தடவிக்கொண்டு, வாசலென்று நினைத்துச் சமையலறைப் பக்கமே நடந்தார். அத்தை ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். கருகிய பாத்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"இதை நான் எப்ப வெச்சேன்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"நான் இல்லாத நேரம் பார்த்து இது நடந்திருந்தா, இவன் கதி?" என்றார்.

"ஒரு நல்ல இல்லம் இருக்கு அத்தை. நான் விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்றேன்.

எப்போது விசாரித்தாய் என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று நாளில் மாமாவைக் கொண்டுபோய் விட்டோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "தப்பெல்லாம் என்னோடதுடா" என்றார் அத்தை.

நாடகம் தொடங்க நாலு நாள் இருக்கும்போது அத்தை ஒத்திகையின் நடுவே கூண்டிலிருந்து எழுந்து வந்தார். "மேடையில நின்னு முழிக்கறதுக்கு முன்னாடி நானே எறங்கிடறேன்" என்றார். இயக்குநர் அழுதார். அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவளைப் போடுங்க, இவளுக்கு எல்லாம் தெரியும்" என்றார். தன் உடுப்பை என் அளவுக்குப் பிடித்து, பின் குத்தி, அன்றைக்கே தைத்தும் கொடுத்தார்.

பதினோரு காட்சிகள் நடந்தன. அறுபது நாற்காலியும் பெரும்பாலும் நிறைந்தது. எனக்கு ஒரு சொல்லும் பிசகவில்லை. நம் குடும்பக் குரூப்பில் நான் போட்ட அந்தப் படம் அப்போது எடுத்ததுதான். நீ பத்து இதயம் அனுப்பினாய். அப்பா முதல் தடவையாக "பார்த்தேன்" என்று எழுதினார். அனுமதி ஒரு வருஷம் நீண்டது.

அத்தை தனியாக இருக்கப் பயந்து, வீட்டைக் காலி செய்துவிட்டு, மாமா இருக்கும் இல்லத்துக்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கப் போகிறேன். அவருடைய மகளென்றே அங்கே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் இயக்குநர் கூப்பிட்டார். அடுத்த நாடகத்திலும் ஒரே ஒரு பெண் பாத்திரம்தான். "அத்தை இப்ப எப்படி இருக்காங்கன்னு பார்த்துட்டு வந்து சொல்லு. தேறியிருந்தாங்கன்னா அவங்களையே கேக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லோரும் உட்காரும் கூடத்தில், நான் கேட்காமலே, அத்தை எழுந்து நின்று முதல் காட்சி முழுவதையும் சொன்னார். ஒரு பிழையும் இல்லை. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் அதைக் கவனிக்காமல் என்னைப் பார்த்தார்.

"சரியா சொன்னேனாடி?"

"ஒரே ஒரு இடம்தான் அத்தை" என்றேன். "'அஞ்சு மணி வண்டி' இல்ல. 'நாலு மணி வண்டி'."

அத்தை உட்கார்ந்துவிட்டார்.

மாமா நாற்காலியின் கையைத் தட்டினார். "அவ சரியாத்தான் சொல்றா. அன்னிக்கு வீட்டுல அஞ்சுன்னு திருத்தினதே நீதான். இப்ப நாலுங்கறே. நீதாம்மா மாத்தி மாத்திச் சொல்றே." குரல் உயர்ந்துவிட்டது. கவனித்துக்கொள்ளும் பெண் குறிப்பேட்டோடு வந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"மாமாவுக்கும் இப்ப கொஞ்சம் ஞாபகம் குழம்புது போல" என்றேன். "கோவம்கூட வருது. பார்த்துக்கோங்க."

சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கவில்லை அக்கா. அவள் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

அத்தை மாமாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவினார். "பயப்படாதடா" என்றார். "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் மாறி உட்காரும் அளவுக்கு அழுதேன். கெட்டவளாக இருந்தால் அப்படி அழுகை வருமா என்று நீயே சொல்லு.