உப்பனாற்றுக் கரையின் சிவப்புத் தண்டு

உப்பங்கழிச் சேற்றுக்கு ஷூ சரிப்படாது. வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் சார், விசாரிக்க வந்த அன்றைக்கு உங்கள் போலீஸ்காரர்கள் வழுக்கி விழுந்தது அதனால்தான், வேறொன்றும் இல்லை.

என் பெயர் தில்லையம்மாள். சேத்தியாத்தோப்புக்காரி. கடலூரிலிருந்து பிச்சாவரம் வரை உவர்மண்ணில் முளைக்கும் செடிகளையெல்லாம் நடந்தே பார்த்து எழுதியவள் நான். எனக்கு முன்னால் யாரும் அதைச் செய்யவில்லை. சிதம்பரத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது வெள்ளாற்றங்கரையில் ஒரு புதிய நீர்ச்செடியைக் கண்டேன். என் வழிகாட்டி மணவாளன் அதைத் தன் கண்டுபிடிப்பாக வெளியிட்டார். கட்டுரையின் கடைசியில், உதவிய மாணவிக்கு நன்றி என்று ஒரு வரி. புகார் கொடுத்தேன். பட்டம் கிடைக்காமல் போயிற்று. குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். லீவு நாளெல்லாம் சேற்றில் கழிந்தது. வீட்டுக்காரர் சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் போய் அழைக்கவில்லை.

சிந்துஜா என்னிடம் படித்தவள், குடிகாடு கிராமத்துப் பெண். கல்லூரிக்குப் போன பிறகும் என்னோடு செடி பார்க்க வருவாள். ஒருநாள் உப்பனாற்றுக் கரையில் குனிந்து, தண்டு சிவந்த ஒரு சிறு செடியைக் காட்டி, இது வேறு மாதிரி இருக்கிறதே என்றாள். சாதாரண உமிரிதான், கீரைக்குப் பறிப்பார்களே அது, என்றேன். அது உமிரி இல்லை என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் என் கட்டுரை வெளிவந்தது. புதிய இனம், கண்டவர் நான். இதைத் திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். பார்ப்பதற்குக் கண் இருந்தால் போதும். இன்னதென்று சொல்வதற்கு ஒரு ஆயுள் சேற்றில் நின்றிருக்க வேண்டும்.

கட்டுரையைப் படித்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிஸ், உங்க பேரே இருக்கட்டும். நான் காட்டுனேன்னு ஒரு வரி போட்டா போதும். ஆனா மொதல்ல அந்த எடத்துக்கு வேலி போடணும். வேற எங்கியும் இது இல்ல."

செடி மொட்டு விட்டிருப்பதாகவும், பூவையும் விதையையும் பற்றித் தான் எழுதப்போவதாகவும் சொன்னாள். அதன் பூவை நான் பார்த்ததே இல்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனேன். ஒரு வாசல் அளவு இடம்தான். ஒன்று விடாமல் வேரோடு எடுத்தேன். மதியத்துக்குள் கடல் ஓதம் ஏறி மண்ணைச் சமமாக்கிவிட்டது. செடிகளை மொட்டை மாடியில் காயவைத்து எரித்தேன். இனி அதைப் பற்றி என் கட்டுரைக்கு மேல் யாரும் ஒரு சொல் சேர்க்க முடியாது.

செடியைக் காணோம் என்று சிந்துஜா உங்களிடம் புகார் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் உத்திராபதியை நீங்கள் பிடித்தீர்கள். விவரம் தெரிந்தவள் என்று என்னையே அழைத்துக் கேட்டீர்கள். ஆடு மேய்ந்த அடையாளம்தான் என்றேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"டீச்சரம்மா, என் ஆடு அந்தப் பக்கமே போவல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லியாகிவிட்டது என்றேன். அவர் இன்னும் உள்ளே இருக்கிறார். வெறும் மண்ணில் உட்கார்ந்து சிந்துஜா அழுதபோது, பக்கத்தில் அமர்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

உத்திராபதிமேல் இரக்கப்பட்டு வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நேற்றுப் பேப்பரில் செய்தி வந்திருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத செடி ஆடு மேய்ந்து அழிந்ததாம். சிந்துஜாவின் பேட்டி, போட்டோ எல்லாம் இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. பெயருக்கு அலைகிறவள் இல்லை நான். தப்பான தகவல் நிலைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

எந்த ஆடும் தின்னவில்லை. அத்தனையையும் பிடுங்கியது நான். எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்குக் கீழே தாவரவியல் அறிஞர் என்று போடுங்கள். ஓய்வுபெற்ற டீச்சர் என்று போடாதீர்கள்.