உபசரிப்புப் பயிற்சியும் வாசற்படியில் நின்றவரும்

அவைக்குத் தலைமை தாங்கும் ஆயர் அவர்களே, அவருக்கு வலப்புறம் வீற்றிருக்கும், நம் சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவின் மூத்தோர்களே, இடப்புறம் நாற்காலி போதாமல் முகம் சற்றே வாடி முன்வரிசைக்கு இறங்கி வந்திருக்கும் மற்ற மூத்தோர்களே, ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தும், ஜோகுபாளையத்திலிருந்து பஸ் பிடித்தும், அடுகோடியிலிருந்து நெரிசலில் நீந்தியும் வந்து சேர்ந்திருக்கும் அன்னையர்களே, அண்ணன்மார்களே, ஆபீஸ் மீட்டிங்கை ஒரு காதில் மாட்டிக்கொண்டு இந்தக் கூட்டத்துக்கு இன்னொரு காதைத் தந்திருக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பிரிஸில்லாவின் பணிவும் பயமும் கலந்த மாலை வணக்கம்.

பணிவு ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பயம் ஏன் என்று பேசி முடிக்கும்போது தெரியும்.

நற்பண்பு வாரத்தின் நிறைவு நாள் இது. திங்களன்று பொறுமையைப் பற்றி ஓர் ஐயா பேசினார். ஒன்றேமுக்கால் மணி நேரம் பேசினார். பொறுமையை அவர் நமக்குச் சொல்லித் தரவில்லை, பழக்கியே விட்டார். செவ்வாயன்று தாழ்மை. அன்று மேடையில் யார் நடு நாற்காலியில் உட்காருவது என்று தீர்மானிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. புதனன்று மன்னிப்பு. பேச வந்தவரும் அவரை அறிமுகம் செய்ய வேண்டியவரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதால், அறிமுகம் இல்லாமலேயே மன்னிப்பு அரங்கேறியது. சிரிக்கிறீர்கள். அந்த இருவரும் சிரிப்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எனக்கு மிஞ்சியது உபசரிப்பு.

முப்பத்தோர் ஆண்டு தமிழாசிரியையாக இருந்தவள் நான். உபசரிப்பு என்ற சொல்லுக்கு விருந்தோம்பல் என்பேன், வரவேற்பு என்பேன், அன்பின் அணிகலன் என்றுகூட அலங்கரித்துச் சொல்வேன். ஆனால் அந்தச் சொல் போன வருடம் ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடந்து வந்து என் மேசைக்கு முன்னால் நின்றபோது, எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். உங்களில் பாதிப்பேர் அதில் இருக்கிறீர்கள். மீதிப்பேர், நல்லவேளை நாங்கள் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

நம் சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை வருகிறார்கள், மறுமுறை வருவதில்லை. இதைக் கண்டுபிடித்தது நம் சேகரக் குழு. கண்டுபிடித்ததும் என்ன செய்தோம்? புதியவர்களைத் தேடிப் போனோமா? வீடு எங்கே என்று விசாரித்தோமா? இல்லை. ஒரு கமிட்டி அமைத்தோம். உபசரிப்புக் கமிட்டி. அதற்கு 'அன்பின் கரங்கள்' என்று ஒரு வாட்ஸ்ஆப் குழு. வருகிறவரைக் கைகூப்பி வணங்குவதா, கைகுலுக்குவதா என்று அந்தக் குழுவில் பதினோரு நாள் விவாதம். பதினோராம் நாள் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். அன்பின் கரங்களில் இரண்டு கரங்கள் குறைந்தன.

அந்தக் கமிட்டிக்குத் தலைவர் நம் டிரேவர். செயலாளர் நான்.

டிரேவரை உங்களுக்குத் தெரியும். ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறையாகச் செய்வார். எங்கள் நாற்பது பேருக்கும் கழுத்தில் தொங்கவிட அடையாள அட்டை அடித்தார். பெயர், குடும்பப் பெயர், ஆலயத்தில் உட்காரும் வரிசை, ரத்தப் பிரிவு. வரவேற்பதற்கு ரத்தப் பிரிவு எதற்கு ஐயா என்று கேட்டேன். "தொழிற்சாலையில எல்லா கார்டுலயும் இருக்கும் மேடம்" என்றார். சரி, அன்பின் தொழிற்சாலை என்று விட்டுவிட்டேன்.

டிரேவரைச் சொன்னால் மௌரீனையும் சொல்லியாக வேண்டும். இருவரும் ஒரே ஞாயிறு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். மௌரீன் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். அடுப்பு வெக்கையிலிருந்து நேராக ஆலயத்துக்கு வருவதால் அவருக்கு மின்விசிறி வேண்டும். டிரேவருக்குச் சைனஸ். அவருக்கு மின்விசிறி வேண்டாம். ஒருவர் போடுவார், ஒருவர் அணைப்பார். பல காலம் இந்தப் போர். அதற்கும் ஓர் உபகுழு போட்டோம். பாடல் வேளையில் இரண்டாம் வேகம், பிரசங்க வேளையில் நிறுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் இருவரும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

மௌரீனை எந்தக் கமிட்டியிலும் சேர்க்கவில்லை. குரல் பெரிது, பேச்சில் பக்குவம் போதாது, ஆயரிடமே பிரசங்கம் நீளம் என்று சொன்னவர் என்று மூன்று காரணம் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. பதிவு செய்த கை இதோ, இந்தக் கை.

அந்தச் சனிக்கிழமை நம் பாரிஷ் ஹாலில் உபசரிப்புப் பயிற்சி. கேட்டில் 'எல்லோரும் வருக' என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேனர். உள்ளே ஓர் ஒத்திகை. டிரேவர் புதிதாக வருகிறவராக நடிக்கிறார். நான்கு பேர் பன்னீர் தெளித்து, புன்னகை பூத்து, அவரைத் திரும்பத் திரும்ப வரவேற்கிறார்கள். வெளியே வராந்தாவில் மேசை போட்டு நான்.

அப்போது ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களின் நீலச் சட்டை. கிரீஸ் கை. அவர் பெயர் எத்திராஜ், திருப்பத்தூர்க்காரர், ஜோகுபாளையத்தில் குடியிருக்கிறார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது நான் கேட்கவில்லை.

"மேடம், இங்க பெரியவங்க யாரையாவது பாக்கணும்" என்றார்.

"புதுசா வர்றீங்களா?"

"ஆமாங்க."

"ரொம்ப சந்தோஷம். ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க. புதுசா வர்றவங்கள எப்படி வரவேற்கணும்னு உள்ள பயிற்சி நடக்குது."

சிரியுங்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்த வாக்கியத்தை நான் சிரிக்காமல் சொன்னேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

அவர் போகவில்லை. "இல்ல மேடம், என் வீட்டுக்காரிக்கு..." என்று ஆரம்பித்தார். நான் படிவத்தை நீட்டினேன். பெயர், முகவரி, முன்பு சார்ந்திருந்த சபை, ஜெப விண்ணப்பம். "இத நிரப்பிடுங்க. உள்ள இருந்து கூப்பிடுவாங்க." அவர் நின்றபடியே எழுதினார். பெயர் எழுதவில்லை, முகவரி எழுதவில்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஏதோ எழுதிக் கொடுத்தார். வாங்கினேன். கவிழ்த்து வைத்தேன். அதன் மேல் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்தேன்.

அன்புக்குரியவர்களே, அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ரத்தம். ஓ நெகட்டிவ். அர்ஜென்ட்.'

நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருத்துவமனையில் அவர் மனைவி சிந்துவுக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை. கையிருப்பில் இருந்த ஒரே யூனிட்டை ஏற்றிவிட்டார்கள். வேறெங்கும் கேட்டாயிற்று, இன்னும் வரவில்லை, ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் இவருக்கு ஆள் யார்? தெருவில் ஓடியவர் கண்ணில் நம் பேனர் பட்டது. எல்லோரும் வருக. அதை நம்பி உள்ளே வந்துவிட்டார். பேனரை நம்பிய முதல் மனிதர் அவர்தான். அடித்த எங்களுக்கே அந்த நம்பிக்கை இருக்கவில்லை.

அவர் வாசற்படியில் போய் நின்றார். உள்ளே பன்னீர். வெளியே கண்ணீர். நடுவில் நான், பேனா மூடியைத் திருகிக்கொண்டு.

அந்த நேரம் மௌரீன் வந்தார். பயிற்சிக்கு அல்ல; போன வாரத் தேநீர் விருந்துக்குக் கொடுத்த கேக் தட்டுகளைச் சமையலறையிலிருந்து எடுத்துப் போக வந்தார். படியில் நின்றவரைப் பார்த்தார். படிவம் கொடுக்கவில்லை, பன்னீர் தெளிக்கவில்லை.

"என்னப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தட்டுகளை மறந்து மௌரீன் நேரே ஹாலுக்குள் நடந்தார்.

"நாடகத்த நிறுத்துங்க. ஓ நெகட்டிவ் யாருக்கு? ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்குது."

நாற்பது பேரும் அடுத்தவர் அட்டையைப் பார்த்தார்கள். டிரேவர் மட்டும் தன் அட்டையின் மேல் மெல்லக் கையை வைத்தார். மௌரீன் அவர் முன்னால் போய் நின்றார்.

"கைய எடு, டிரேவர்."

நான்கு ஆண்டுக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு இது.

"நன்றியுரை முடிஞ்சதும் வர்றேன், மௌரீன்."

"எல்லாருக்கும் நன்றி. முடிஞ்சிடுச்சு. பேகா, சீக்கிரம் கெளம்பு."

டிரேவரின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ஊசின்னா பயம். சின்ன வயசுலேர்ந்தே. உனக்குத் தெரியும்ல."

"தெரியும். நான் பக்கத்துல இருக்கேன். வா."

மௌரீனின் ஸ்கூட்டரில், பின்சீட்டில், கழுத்தில் அட்டை பறக்க, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து போனார் உபசரிப்புக் கமிட்டித் தலைவர். அந்தக் காட்சியைப் படமெடுத்து 'அன்பின் கரங்கள்' குழுவில் போட்டவர் யாரென்று தெரியும், சொல்ல மாட்டேன்.

நான் எத்திராஜோடு ஆட்டோவில் போனேன். கல்லை நகர்த்திப் படிவத்தைப் படித்துவிட்டுத்தான் ஏறினேன். ஆயிரம் சொல் அறிந்தவளுக்கு அன்று ஒரு சொல் அகப்படவில்லை. அவர்தான் பேசினார். "உங்க மீட்டிங்க கெடுத்துட்டேன் மேடம்" என்றார்.

ரத்த வங்கியில் ஏசி குளிர். ஊசி ஏறும்போது டிரேவர் மௌரீனின் கையைப் பற்றிக்கொண்டார். அவர் நெற்றி வியர்த்திருந்தது, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. "குளிருதா? ஏசிய கொறைக்கச் சொல்லட்டா?" என்று மௌரீன் கேட்டார். டிரேவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். உபகுழு நான்கு ஆண்டில் சாதிக்காததை ஓர் ஊசி நான்கு நிமிடத்தில் சாதித்தது. மனம் மாறிவிட்டார்கள் என்று கதையை அழகாக முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த ஞாயிறே மின்விசிறிக்கு மறுபடி சண்டை. ஒரே வித்தியாசம், இப்போது பேசிக்கொண்டே சண்டை போடுகிறார்கள்.

சோதனைகள் முடிந்து பிற்பகலில் ரத்தம் ஏறியது. மாலையில் வேறோர் இடத்திலிருந்தும் வந்து சேர்ந்தது. சிந்து பிழைத்தாள். ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த பெண்குழந்தை இருபத்துமூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வீடு வந்தது. கை தட்டுங்கள், ஆனால் கொஞ்சம் பொறுத்துத் தட்டுங்கள். நம் புகழ் இன்னும் பாக்கி இருக்கிறது.

அன்றைய பயிற்சியைப் பற்றிக் குறிப்பேட்டில் என்ன எழுதினோம்? 'பயிற்சி இனிதே நடைபெற்றது. அனைவரும் பயனடைந்தனர்.' அடுத்த கூட்டத்தில் ஒரு மூத்தவர் கேட்டார், அந்தத் தம்பி எப்போது நம் சபையில் சேரப் போகிறார் என்று. எத்திராஜ் செவ்வாய்தோறும் அல்சூர் பக்கம் முருகன் கோயிலுக்குப் போகிறவர், இன்றைக்கும் போகிறார். மௌரீன் அப்போது தன் கேக் தட்டுகளைக் கேட்டு வாசலில் நின்றிருந்தார். "ரத்தம் குடுத்துட்டு அதுக்கு ரசீதா கேக்குறீங்க?" என்றார். பேச்சில் பக்குவம் போதாதுதான். அவருக்குக் கேடயம் தரலாம் என்றபோது, "தட்ட குடுங்க, போதும்" என்றார்.

ஒரு மாதம் கழித்து ஜோகுபாளையத்தில் அந்த வீட்டைத் தேடிப் போனேன். ஒரே அறை. சிந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். "அன்னைக்கு உன் வீட்டுக்காரர அஞ்சு நிமிஷம் வெளிய நிக்க வெச்சது நான்தான்மா. என்னை மன்னிச்சிடு."

அவள் கோபப்படவில்லை. "அஞ்சு இல்லம்மா. இருபது நிமிஷம் நின்னேன்னு அவர் சொன்னாரு" என்றாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துப் புடிங்க, கழுத்து இன்னும் நிக்கல. காபி வெக்கிறேன்" என்று அடுப்புப் பக்கம் போனாள்.

முன்பின் தெரியாத என் கையில் அவள் தன் உயிரையே கொடுத்துவிட்டுப் போனாள். படிவம் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன், என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும் மணக்கும் பூவா நம் அன்பு? மாடிப்படி துடைக்க வருகிற அம்மாவின் பெயர் நமக்குத் தெரியுமா? அப்பார்ட்மெண்ட் கேட்டில் நிற்கிறவர் சாப்பிட்டாரா என்று கேட்டதுண்டா? லிஃப்டுக்குள் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்க்கிறோமா, போனைப் பார்க்கிறோமா? பொறுமை வேண்டுமா, வீட்டில் இருக்கிறது அதற்கு வேலை. தாழ்மை வேண்டுமா, தெருவில் இருக்கிறது அதற்கு இடம். மன்னிப்பு வேண்டுமா, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, திரும்பினால் போதும். பண்பைப் பேசிப் பேசிப் பழுத்துவிட்டோம். கிளையை விட்டு இறங்கி ஒருவர் கைக்காவது போய்ச் சேர வேண்டாமா? ஆண்டவர் நம்மைப் பார்க்க வரும்போது அடையாள அட்டையோடு வருவார் என்று யார் சொன்னது? கிரீஸ் கையோடு வந்தால்? அவசரமாக வந்தால்? நம் நிகழ்ச்சி நிரலில் இல்லாத நேரத்தில் வந்தால்?

உபசரிப்புக் கமிட்டியின் செயலாளர் பொறுப்பிலிருந்து இன்று நான் விலகிக்கொள்கிறேன். ஆயரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். வருத்தத்தில் அல்ல. இனி ஞாயிறுகளில் மேசை இல்லாமல் கேட்டருகே நிற்கலாம் என்று இருக்கிறேன். வருகிறவரிடம் கேட்க ஒரு கேள்வியை மௌரீனிடம் கடன் வாங்கியிருக்கிறேன். துணைக்கு யாராவது வந்தால் நல்லது. பதிவு தேவையில்லை.

இவ்வளவு நேரம் இடித்துரைத்ததையும் முகம் சுளிக்காமல் கேட்ட மூத்தோருக்கும், தன் ஊசிப் பயத்தை மேடையில் சொல்ல அனுமதி தந்த டிரேவருக்கும், அனுமதி கேட்டபோது "என்னமோ சொல்லிக்கோ" என்ற மௌரீனுக்கும், தன் கதையைச் சொல்லச் சம்மதித்த ஜோகுபாளையத்துக் குடும்பத்துக்கும், பொறுமையாய் அமர்ந்திருந்த உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டு வாசல் வரை அல்ல, வாசலுக்கு வெளியே நிற்பவர் வரைக்கும் எட்டட்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.