சுடலையைக் கடலாக்கியவர்

தலைமையேற்றிருக்கும் நூலகர் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, அக்காவை முகம் பார்த்தே இராமல் குரலால் மட்டும் அறிந்து இங்கு வந்திருக்கும் வாசகர்களே! வணக்கம்.

ஒலிபெருக்கி முன்னால் நிற்பது எனக்குப் புதிது. அதுவும் அக்காவுக்கு அஞ்சலி சொல்ல நிற்கிறேன்; தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நூலகத்தின் மின்னூல் பிரிவில் மூத்த மெய்ப்புத் திருத்துநர் அக்கா. ஆனால் பதவிப் பெயரால் அவரை அழைத்தவர் யார்? புத்தகத்தில் பிழை என்று யார் தொலைபேசியில் அழைத்தாலும், "எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்பார். அதனால் பக்கம் அக்கா ஆனார்.

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்தால், படத்திலிருந்து எழுத்துகளைக் கணினி பிரித்தெடுக்கும். தாள் மங்கியிருந்தால் 'க' அதன் கண்ணுக்குச் 'சு' ஆகத் தெரியும். கதவு சுதவாகும். கவலை சுவலையாகும். ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டு, அந்தச் 'சு'க்களை ஒவ்வொன்றாகப் பிடித்தவர் அக்கா.

ஒருநாள் வேன் ஓட்டுநர் ஒருவர் அழைத்தார். கைப்பேசியைக் கதை படிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுபவர்.

"அக்கா, என்னக்கா கதை இது? கல்யாணம் ஆன மறுநாளே பொண்ணும் மாப்பிள்ளையும் சுடலைப் பார்க்கப் போறாங்களாம்!"

"எந்தப் பக்கம்?"

"ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா, பக்கத்தைப் பார்ப்பேனா?"

"சரி, பெட்ரோல் பங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தாண்டி ரெண்டாவது வளைவுல."

அக்கா சிரித்துக்கொண்டே அந்த அத்தியாயம் முழுவதையும் படித்துப் பிழையைக் கண்டுபிடித்தார். மாலைக்குள் அந்தப் புதுமணத் தம்பதி கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள்! அந்த ஓட்டுநர் அண்ணன் பின்வரிசையில் நிற்கிறார்.

அலுவலகக் கணினியில் இடம் போதவில்லை. திருத்தி முடித்த புத்தகங்களை அக்கா தன் சொந்த இணையக் கணக்கில் வைத்தார். கேட்டவர்களுக்கு அங்கிருந்து அனுப்பினார். அவர் காலமான பிறகும் அவர் கைப்பேசிக்கு அழைப்புகள் நிற்கவில்லை. "பக்கம் அக்காவா?" என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் மாமா என்ன சொல்வார்? எத்தனை முறை சொல்வார்? தாங்க முடியாமல் அந்த எண்ணையே நிறுத்திவிட்டார்.

பிறகுதான் மின்னூல் பிரிவில் இருக்கும் நாங்கள் அக்காவின் கணினியைத் திறந்தோம். அந்த இணையக் கணக்கு கடவுச்சொல் கேட்டது. தெரியாதென்றால், நிறுத்தப்பட்ட அதே எண்ணுக்குக் குறியீடு அனுப்புவேன் என்றது. கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினோம். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. எழுதியது மனிதர் இல்லை. பயன்படுத்தாத கணக்கை நாளடைவில் அழித்துவிடுவார்களாம்.

"நான் பாவி, என் கையாலேயே பூட்டிட்டேனேம்மா" என்றார் மாமா. இல்லை மாமா! அந்த மணியோசையை யாரால் தாங்க முடியும்? உங்கள் மேல் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை.

எங்களிடம் மிஞ்சியிருப்பவை திருத்தாத பிரதிகள். ஒவ்வொரு கடலும் மறுபடி சுடலையாகக் கிடக்கிறது. அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் சொன்னார்கள். எங்கிருந்து தொடர்வது? விட்ட இடமே பூட்டுக்குள் அல்லவா இருக்கிறது!

என் வீட்டில் முதலில் கல்லூரி போனவள் நான். புத்தகம் வாங்க வழியில்லாத நாட்களில் அக்கா அனுப்பியவற்றைத்தான் படித்தேன். படித்து முடித்ததும் இடம் வேண்டுமென்று அழித்துவிட்டேன். நீங்களும் அழித்திருக்கலாம். ஆனாலும் எழுந்து போகும் முன் உங்கள் கைப்பேசியை ஒருமுறை தேடிப் பாருங்கள். அக்கா அனுப்பிய ஒன்றாவது, பாதியாவது இருந்தால் எங்களுக்குக் கொடுங்கள். கிடைப்பதைச் சேர்த்து வைப்போம். கிடைக்காததை முதல் வரியிலிருந்து திருத்துவோம். அக்காவின் வேகம் எங்களுக்கு வராது. முடிப்போம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கூட்டம் கலையும்போது வாசலில் நிற்பேன். ஒவ்வொருவரிடமும் கேட்பேன். இல்லையென்றால், இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள்; பேசாமல் மட்டும் கடந்து போய்விடாதீர்கள்.