லிஃப்ட் இன்னும் வரவில்லை

கணவன்: ...அதில்ல, ஹீரோ நல்லாத்தான் பண்றான். ஆனா அந்த மூக்குக்கண்ணாடி...

மனைவி: அதைச் சொல்லாதீங்க, வயிறு எரியுது. பத்து வருஷமா கண்ணாடிக் கடையில நிக்கிறேன். அதுல பவரே இல்லங்க, வெறும் கண்ணாடி. அதைக் கழட்டினதும் கண்ணு தெரியாம நேரா கதவுல போய் முட்டிக்கிறான்.

கணவன்: சரி, நடிப்புதானே...

மனைவி: கதவு தொறந்திருந்துச்சு. தொறந்த கதவுல எப்படிங்க முட்டுவாங்க?

கணவன்: மெதுவா. முன்னாடி உக்காந்திருக்கிறவர் முறைக்கிறாரு.

மனைவி: முறைக்கட்டும். இன்டர்வெல்தானே. அந்தப் பாப்கார்னை இப்படிக் குடுங்க, பாதியை நீங்களே காலி பண்ணிட்டீங்க.

கணவன்: முதல் பாதி உனக்குப் பிடிச்சுதா, இல்லையா? அதைச் சொல்லு.

மனைவி: பிடிச்சுது. கல்யாணப் பொண்ணைக் காணோம்னு வீடே அலறுது, அந்தச் சமையல்காரன் மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி வெங்காயம் உரிக்கிறான் பாருங்க... எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கணவன்: அவன் நல்லவன்.

மனைவி: எப்படிச் சொல்றீங்க?

கணவன்: மூஞ்சியைப் பாத்தா தெரியலையா?

மனைவி: உங்க புது மேனேஜர் மூஞ்சியைப் பாத்தும் இதையேதான் சொன்னீங்க. மறுநாளே உங்க ஸ்பேனர் செட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாரு.

கணவன்: அது வேற. நீ யாரைச் சந்தேகப்படுற?

மனைவி: நானா... சும்மா குத்துமதிப்பா சொல்றேன். போட்டோக்காரன்.

கணவன்: ம்ம்.

மனைவி: இடது கைப் பழக்கம் இருக்கிற போட்டோக்காரன்.

கணவன்: குத்துமதிப்புன்னு ஆரம்பிச்சு எந்தக் கைங்கிற வரைக்கும் போயிட்ட.

மனைவி: கண்ணு சம்பந்தப்பட்ட தொழில்ல இருக்கேன். கொஞ்சம் கூர்மை இருக்கத்தானே செய்யும்.

கணவன்: அது சரி. எனக்கு ஒரே ஒரு குறைதான். லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவனோட வயித்தெரிச்சலைக் கேளு. கயிறு அறுந்துச்சாம், பன்னெண்டாவது மாடியிலேருந்து விர்ர்ருனு விழுந்துச்சாம். என்ன, ஒத்தைக் கயித்துலயா தொங்க விட்டிருக்கோம்? ஆறு கயிறு இருக்கு. ஆறும் அறுந்தா பிரேக் பிடிச்சுக்கும். ஒரு மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

மனைவி: பன்னெண்டு இல்லங்க, பதினாலாவது மாடி. அந்தக் கல்யாணப் பொண்ணு பயந்து மாடியை எண்ணிக்கிட்டே வருவா இல்ல.

கணவன்: ஆமா ஆமா, பதினாலு.

மனைவி: ஏங்க.

கணவன்: ம்?

மனைவி: இதுவரைக்கும் படத்துல லிஃப்டே வரலையே.

கணவன்: வரலையா?

மனைவி: எல்லாரும் இன்னும் கல்யாண வீட்டுலதான் இருக்காங்க. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

கணவன்: அது... டிரெய்லர்ல பாத்தேன்.

மனைவி: டிரெய்லர்ல லிஃப்ட் இல்ல.

கணவன்: சரி, பதினாலாவது மாடின்னு உனக்கு யார் சொன்னா?

மனைவி: பாப்கார்ன் தீந்துடுச்சு. போய் வாங்கிட்டு வாங்க.

கணவன்: பேச்சை மாத்தாத.

மனைவி: நானா மாத்துறேன்? போன வருஷம் என்னை விட்டுட்டு ஒரு படம் பாத்துட்டு வந்தீங்க. பதினோரு நாள் உங்ககூட பேசல, ஞாபகம் இருக்கா?

கணவன்: பன்னெண்டு நாள்.

மனைவி: இனிமே ஒருத்தரை விட்டு ஒருத்தர் படம் பாக்கிறதில்லன்னு அப்ப அழுதது யாரு?

கணவன்: சொன்னது ரெண்டு பேரும். அழுதது நான்.

மனைவி: இந்தப் படத்தை எப்ப பாத்தீங்க?

கணவன்: செவ்வாய்க்கிழமை.

மனைவி: செவ்வாய்... லிஃப்டுக்குள்ள மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டேன்னு வந்து படுத்தீங்களே, அன்னிக்கா? பாவம்னு கால் வேற பிடிச்சு விட்டேன்.

கணவன்: நல்லா பிடிச்சு விட்ட. ...நீ எப்ப?

மனைவி: வியாழன்.

கணவன்: கடையில சரக்கு எண்ணுறாங்கன்னு சொன்ன அன்னிக்கா? அன்னிக்கு நான் சமைச்சு, பாத்திரம் கழுவி, துணியெல்லாம் மடிச்சு வச்சேன்.

மனைவி: மடிச்சதையெல்லாம் நான் மறுபடி மடிச்சேன்.

கணவன்: தனியாவா போன?

மனைவி: இல்ல. நீங்க?

கணவன்: நானும் தனியா போகல.

மனைவி: யாரோட?

கணவன்: சொல்லக் கூடாது. சத்தியம் வாங்கிட்டாங்க.

மனைவி: என்கிட்டயும்தான் சத்தியம் வாங்கினாங்க. அவனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவான், வாயைத் தொறக்காதேன்னு.

கணவன்: என்கிட்ட, அவளுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்னாங்க.

மனைவி: ...டாக்ஸியில போகும்போது, முட்டி வலிக்குது, மெதுவா ஓட்டுப்பான்னாங்களா?

கணவன்: படம் முடிஞ்சதும் படியில எனக்கு முன்னாடி இறங்கிட்டாங்க.

மனைவி: உங்கம்மா.

கணவன்: எங்கம்மாவேதான்.

மனைவி: அடப்பாவமே. இப்ப என்ன ஆகப்போகுதோன்னு படம் முழுக்க என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்களே. அது ரெண்டாவது தடவையா?

கணவன்: செவ்வாய்க்கிழமை என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நகம் பட்ட இடம் இன்னும் ஆறல, பாரு.

மனைவி: போனைப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நான் கேக்குறேன்.

கணவன்: இரு... அடிக்குது. அம்மா? நாங்க தியேட்டர்ல இருக்கோம். எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு.

மாமியார்: என்னடா தெரிஞ்சு போச்சு?

மனைவி: செவ்வாயும் தெரிஞ்சு போச்சு, வியாழனும் தெரிஞ்சு போச்சு அத்தை. படம் அவ்வளவு பிடிச்சிருந்தா இன்னிக்கு எங்களோடயே வந்திருக்கலாமே?

மாமியார்: மெதுவா பேசும்மா, உங்களுக்கு நாலு வரிசை பின்னாடிதான் உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் திரும்பாதீங்க... இதோ உன் மாமனாரு காபியோட வந்துக்கிட்டிருக்காரு. நான் முதல் தடவை பாக்கிறேன்னு நம்பி, மனுஷன் ஒவ்வொரு சீனையும் எனக்கு விளக்கிச் சொல்லிக்கிட்டிருக்காரு, பாவம்.